தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலநடுக்க ஸ்டேஷன் பாத்துக்க புதுசா வர்றவங்களுக்கு

நம்ம பக்கம் எங்கங்க நிலநடுக்கம் வருது, இதுக்கு எதுக்கு இவ்ளோ மெஷினுன்னு நெறைய பேரு கேப்பாங்க, நீங்களும் கேட்டுட்டேதான் வந்திருப்பீங்க. 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கம் கிட்டத்தட்ட 6 அளவுல ஒண்ணு வந்துச்சு. 2001 ஜனவரி 29, அதாவது குஜராத் பூஜ்ல நடந்து மூணாவது நாளு, ஓசூர்ல இருந்து ரொம்ப தூரமில்லாத கனகபுரா பக்கம் 4.3 வந்துச்சு. 2002ல வந்த ஐ.எஸ். 1893 (நிலநடுக்கம் தாங்கற கட்டடத்துக்கான இந்திய தர விதி) வரைபடத்துல தர்மபுரி மண்டலம் 3ல, அதாவது மிதமான ஆபத்து பகுதில இருக்கு. பெருசு எப்பவாவதுதான் வரும், ஆனா 2, 2.5 அளவுல சின்னதா வர்றத பிடிக்கணும்னா பக்கத்துலயே ஸ்டேஷன் இருக்கணும், தூரத்து ஸ்டேஷன்ல அதெல்லாம் இரைச்சலோட இரைச்சலா போயிடும்.

சரி வேலைக்கு வருவோம். இங்க வேலைக்கு வர்றவங்க முதல்ல கத்துக்க வேண்டியது நிலநடுக்கம் எப்படி இருக்கும்னு இல்ல, எதெல்லாம் நிலநடுக்கம் இல்லன்னு.

முதல்ல குவாரி வெடிய தெரிஞ்சிக்கங்க

கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க கல் குவாரி. அதுலயும் ரெண்டு வகை இருக்கு, இது தெரியாம மேப்ல எல்லாத்தையும் ஒரே கலர்ல குறிச்சு வெச்சா பிரயோஜனம் இல்ல. பிளாக் பிளாக்கா கிரானைட் அறுத்து எடுக்கற குவாரில டைமண்ட் வயர் போட்டு அறுப்பாங்க, கல்லு விரிசல் விட்டா காசு போச்சுன்னு வெடி ரொம்ப கம்மியா வெப்பாங்க. ஜல்லி கிரஷருக்கு கல்லு ஒடைக்கற குவாரிலதான் வரிசையா குழி போட்டு வெடி வைப்பாங்க, நம்ம ஸ்டேஷன்ல வந்து விழறது பெரும்பாலும் இதுதான். மாவட்ட கனிமவள ஆபீஸ்ல லைசென்ஸ் உள்ள குவாரி லிஸ்ட் கேட்டு வாங்கி, ஒவ்வொண்ணும் எந்த வகைன்னு பக்கத்துல எழுதி வெச்சிக்கங்க.

அப்புறம் ஒரு மாச டேட்டாவ எடுத்து, சிஸ்டம் தானா பிடிச்ச எல்லா ஈவென்டையும் மணி வாரியா பிரிச்சு பாருங்க. ராத்திரி காலியா, பகல்ல மலை மாதிரி குவிஞ்சு கெடந்தா நீங்க வெச்சிருக்கறது நிலநடுக்க பட்டியல் இல்ல, வெடி பட்டியல். நிலநடுக்கத்துக்கு பகல் ராத்திரி கிடையாது, குவாரி ஆளுங்களுக்கு உண்டு.

அலைய பாத்தே சொல்றதுக்கும் வழி இருக்கு. வெடி எல்லா பக்கமும் வெளிய தள்ளும், அதனால எல்லா ஸ்டேஷன்லயும் பி அலையோட (முதல்ல வந்து சேர்ற வேகமான அலை) முதல் அசைவு மேல போகும். நிலநடுக்கத்துல பாறை வழுக்கறதால சில ஸ்டேஷன்ல மேல, சில ஸ்டேஷன்ல கீழ. அடுத்தது, வெடி தரைக்கு ரொம்ப பக்கத்துல நடக்கறதால 20, 50 கி.மீ. தூரத்து ஸ்டேஷன்ல எஸ் அலைக்கு (பிக்கு அடுத்து வர்ற அலை) பின்னாடி மெதுவா உருண்டு வர்ற ஒரு மேற்பரப்பு அலை நல்லா பெருசா தெரியும். ஆழத்துல நடந்த நிலநடுக்கத்துல அது அவ்வளவா இருக்காது. மூணாவது, குழிய ஒரே நேரத்துல வெடிக்காம சில மில்லி செகண்ட் இடைவெளி விட்டு விட்டு வெடிப்பாங்க, ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்துல எந்த அதிர்வெண் எவ்ளோன்னு காட்டுற படம்) போட்டா அது படுக்கை கோடு கோடா விழும். இதுல ஒண்ண மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு ஒத்து வந்தா குவாரின்னு டேக் போடுங்க. டேக் போடுங்கன்னுதான் சொல்றேன், அழிச்சுடாதீங்க. அப்புறம் சந்தேகம் வந்தா திரும்பி பாக்கணும்ல.

குவாரி 5 கி.மீ.க்குள்ள இருந்தா இன்னொரு அடையாளம் இருக்கு. தரை அலை வந்து 15 செகண்டுக்குள்ள காத்துல வர்ற சத்தம் சென்சார தட்டும். செகண்டுக்கு 340 மீட்டர்னு கணக்கு போட்டா தூரம் டக்குனு ஒத்து வரும்.

2020 மே 20ஆம் தேதி பெங்களூர்ல பெரிய சத்தம் கேட்டு நிலநடுக்கமான்னு ஊரே கேட்டுச்சே, கடைசில விமானப்படை டெஸ்ட் பிளைட்டு ஒலி வேகத்த தாண்டுனதுதான்னு சொன்னாங்க. அந்த மாதிரி வந்தா ஸ்டேஷன் ஸ்டேஷனா எந்த வேகத்துல நகருதுன்னு பாருங்க. செகண்டுக்கு 6 கி.மீ. கிட்ட வேகத்துல போனா பாறை வழியா வந்தது, வினாடிக்கு முன்னூத்தி சொச்சம் மீட்டர்னா வானத்துல வந்தது. இதுல குழப்பமே இல்ல.

மத்த இரைச்சல சட்டுனு சொல்லிடறேன். சேலம் ஜோலார்பேட்டை லைன்ல பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி பக்கம் ரயிலு, தொப்பூர் கணவாய்ல லாரி, காவிரில தண்ணி பெருகுனா ஒகேனக்கல் அருவி, வங்காள விரிகுடால புயல் உருவானா 3ல இருந்து 10 செகண்ட் அலைநேரத்துல, அதாவது ஒரு அலை முழுசா வந்து போற நேரத்துல, இரைச்சல் ஏறும் (கடல் நமக்கு தூரம்தான், ஆனாலும் வரும்). அப்புறம் மும்முனை கரண்ட் வந்த உடனே ஏரியால இருக்கற போர் மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓடுமே, அது 48 ஹெர்ட்ஸ் பக்கம் நேர்கோடா நிக்கும். கோடு எப்ப வருது எப்ப போவுதுன்னு பாத்தே இன்னைக்கு எந்த ஷிப்டு கரண்டுன்னு சொல்லிடலாம்.

எடம் பாக்கறது

இங்க பாறைக்கு பஞ்சம் இல்ல, அதுதான் ஆபத்தும். வெளிய தெரியற எல்லா கல்லும் அடிப்பாறை கிடையாது, பாதி உருண்டை கல்லுதான் மண்ணுக்குள்ள பொதஞ்சு தலைய காட்டிட்டு இருக்கும். சுத்தியல்ல தட்டி பாருங்க, கணீர்னா நல்ல பாறை, பொத்துனா கீழ பிரிஞ்சிருக்கு. ஒரு எடத்துல தட்டிட்டு விட்டுடாம சுத்தி பத்து எடம் தட்டுங்க. சந்தேகமா இருந்தா ஓரமா மண்ண கொஞ்சம் தோண்டி பாத்துட்டா முடிஞ்சுது.

மெயின் ரோட்டுல இருந்து ஒண்ணு ரெண்டு கி.மீ., ரயில்ல இருந்து இன்னும் தள்ளி. தென்னை, புளிய மரம், செல்போன் டவர் பக்கத்துல வேணாம், காத்து அடிச்சா வேரும் அடித்தளமும் ஆடும், அது அப்படியே பதிவாகும். மாந்தோப்பு ஓனருங்க எடம் தர்றேன்னு சொல்லுவாங்க, நல்ல மனசுதான், ஆனா தோப்புக்கு நடுவுல போடாம ஓரத்து பாறைய கேளுங்க. எந்த எடமா இருந்தாலும் ஒரு சென்சார தற்காலிகமா ரெண்டு மூணு நாள் ஓட விட்டு, இரைச்சல் அளவ 1993ல பீட்டர்சன்ங்கற ஆய்வாளர் உலக ஸ்டேஷன் இரைச்சல வெச்சு போட்ட மேல் கோடு கீழ் கோடோட ஒப்பிட்டு பாருங்க. மேல் கோட்ட தாண்டுற எடத்த எவ்ளோ வசதியா இருந்தாலும் விட்டுடுங்க. எடம் சரியில்லன்னா எவ்ளோ காஸ்ட்லி சென்சார் வெச்சாலும் அது லாரிய காஸ்ட்லியா பதிவு பண்ணும், அவ்ளோதான்.

மொத்த நெட்வொர்க்கோட வடிவமும் பாக்கணும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு ஹைவே ஓரமாவே வரிசையா போட்டா போய் வர ஈசி, ஆனா எல்லாம் ஒரே கோட்டுல விழும், இடம் கணிக்கறப்ப கோட்டுக்கு இந்த பக்கமா அந்த பக்கமான்னே தெரியாம போயிடும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைன்னு சுத்தி வளைச்சு போட்டு, நடுவுல பாலக்கோடு பக்கம் ஒண்ணு வெச்சா நல்லது. ஈவென்ட்ட சுத்தி ஸ்டேஷன் இல்லாத கோணம் 180 டிகிரிக்கு மேல போகக்கூடாது. ஆழம் சரியா வரணும்னா எவ்ளோ ஆழமோ கிட்டத்தட்ட அவ்ளோ தூரத்துக்குள்ளயாவது ஒரு ஸ்டேஷன் இருக்கணும், 10 கி.மீ. ஆழத்துல நடந்தத 60 கி.மீ. தள்ளி இருந்து ஆழம் சொல்றது வெறும் யூகம்தான்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம்னா யானை. சோலார் பேனல் கம்பத்த ஒரசிட்டு போறதுலயே சாஞ்சிடும். காட்டு எல்லைல போடறதுக்கு வனத்துறை பர்மிஷன் முன்னாடியே வாங்கிடுங்க. அங்கங்க வாட்ச்மேனுங்க தெலுங்கு இல்லன்னா கன்னடம் பேசறவங்களா இருப்பாங்க, நாலு வார்த்த கத்துக்கிட்டு போங்க, போன்ல "லைட் எரியுதா"ன்னு கேக்கறதுக்காவது ஆகும்.

குழியும் வடக்கும்

பாறை தெரியற வரைக்கும் தோண்டி, கழுவி, மேல கம்பி போடாம மெல்லிசா கான்கிரீட் திட்டு. திட்டு செவுத்த தொடக்கூடாது, செவுரு வெயில்ல விரியும், அது திட்ட தள்ளும். சென்சார் மேல தெர்மாகோல் பெட்டி, குழிக்கு மேல மூடி, தண்ணி வெளிய போக வழி. எறும்பு புகாம கேபிள் ஓட்டைய அடைங்க, சர்க்யூட் போர்டுல செவ்வெறும்பு கூடு கட்டுறதெல்லாம் சர்வ சாதாரணம். மூடிய திறக்கறப்ப டார்ச் அடிச்சு பாத்துட்டு கை விடுங்க, தேளு பாம்புக்கு குளிர்ச்சியான எடம் அது.

வடக்கு பாக்கறதுலதான் இங்க நெறைய பேரு ஏமாறுவாங்க. நம்ம மாவட்டங்கள்ல கருப்பு கல்லு டைக் (பாறை வெடிப்புல ஏறி செவுரு மாதிரி உறைஞ்ச பாறை குழம்பு) நெறைய ஓடுது, டோலரைட்டு, அதுல காந்த தன்மை உண்டு. அது பக்கத்துல காம்பஸ் வெச்சா முள்ளு இஷ்டத்துக்கு திரும்பும், போன் காம்பஸ் இன்னும் மோசம். அதுக்கு பதிலா ஸ்டேஷன்ல ஒரு ஜி.பி.எஸ். புள்ளி, 300 மீட்டர் தள்ளி கண்ணுக்கு தெரியற எடத்துல இன்னொண்ணு எடுத்து அந்த கோட்டோட கோணத்த கணக்கு போடுங்க. ஜி.பி.எஸ். நாலு மீட்டர் பிசகுனா கூட ஒரு டிகிரிக்குள்ளதான் தப்பு வரும். இல்லன்னா பழைய முறை, தூக்கு குண்டு நூலோட நண்பகல் நிழல். நம்ம தீர்க்கரேகைக்கு சூரியன் உச்சிக்கு வர்றது சராசரியா 12:17க்கு, மாசத்துக்கு மாசம் கால் மணி நேரம் முன்ன பின்ன மாறும், அன்னைக்கு நேரத்த பாத்துட்டு போங்க. ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் மூணாவது வாரத்துலயும் இத முயற்சி பண்ணாதீங்க, சூரியன் நேர் தலைக்கு மேல வந்துரும், நிழலே விழாது.

கரண்ட், இடி

கணக்கு சிம்பிள். டிஜிட்டைசர் (சென்சார் சிக்னல எண்ணா மாத்தற பெட்டி), சென்சார், மோடம் எல்லாம் சேத்து 6 வாட்னு வெச்சா ஒரு நாளைக்கு 144 வாட் அவர். அஞ்சு நாள் மூட்டமா இருந்தாலும் ஓடணும்னா 720. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ எறக்கக்கூடாது, அப்ப 1440, 12 வோல்ட்டுக்கு 120 ஏ.எச். பேட்டரி. பேனல் 50 வாட்டே போதும்னு கணக்கு சொல்லும், 100 போடுங்க, அக்டோபர் நவம்பர்ல கணக்கு சொன்ன வெயிலு வராது. சார்ஜ் கன்ட்ரோலர்ல வோல்டேஜ் கொறஞ்சா துண்டிச்சு, ஏறுனா தானா திரும்ப ஆன் ஆகற வசதி இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா ஒவ்வொரு மழைக்கும் பைக் எடுக்கணும்.

இடி சித்திரை வைகாசில வரும். பாறை மேல எர்த் எடுக்கறது கஷ்டம், கம்பிய அடிக்க முடியாது. மண்ணு இருக்கற எடம் வரைக்கும் செம்பு பட்டைய இழுத்துட்டு போய் உப்பு கரி போட்டு குழி எடுங்க, கோடைல தண்ணி ஊத்துங்க. ஜி.பி.எஸ். ஆன்டெனா கேபிளுக்கும் தனியா சர்ஜ் அரெஸ்டர் (இடில வர்ற மின்சாரத்த தரைக்கு திருப்பற கருவி) வேணும், பெரும்பாலும் எல்லாரும் கரண்ட் லைனுக்கு மட்டும் போட்டுட்டு இத விட்டுடறாங்க, இடி இது வழியா உள்ள வரும்.

டைமும் நெட்டும்

எல்லாம் யு.டி.சி., அதாவது உலக பொது நேரம். நம்ம கடியாரத்துல அஞ்சரை மணி நேரம் கழிச்சுக்கணும். அதனால நாளு மாறுறது விடியகாலை 5:30க்கு, ராத்திரி 1 மணிக்கு ஜனங்க உணர்ந்தது முந்தின நாள் 19:30ல இருக்கும். புதுசா வர்றவங்க டேட்டா இல்லன்னு சொல்றதுல பாதி இதுதான், தப்பு நாள்ல தேடுவாங்க.

ஜி.பி.எஸ். லாக் (சேட்டிலைட் நேரத்தோட தொடர்பு) போன ஸ்டேஷன் டேட்டா இல்லாத ஸ்டேஷன விட மோசம். டேட்டா வரலன்னா தெரிஞ்சிடும், டைம் ஒரு செகண்ட் நகந்தா தெரியாது, ஆனா இடம் 6 கி.மீ. தள்ளி போயிடும். பழைய ரிசீவர்ல இன்னொரு வில்லங்கம், வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒரு தடவ பூஜ்யத்துக்கு போகும், கடைசியா 2019 ஏப்ரல்ல போச்சு. தேதி திடீர்னு இருபது வருஷம் பின்னாடி போனா சென்சார கழட்டாதீங்க, ரிசீவர் பர்ம்வேர பாருங்க.

நெட்டுக்கு 4ஜி சிம் போதும், மூணு சேனல் 100 சாம்பிள்னா மாசத்துக்கு ஒரு ஜி.பி. சுத்துதான் ஆகும். ஆனா சாதா சிம்ல ஸ்டேஷனுக்கு வெளில இருந்து நேரா போக முடியாது, பொது ஐ.பி. கிடைக்காது. சீட்லிங்க்ல (நிலநடுக்க டேட்டாவ நெட்ல அனுப்பற முறை) ஆபீஸ் சர்வர்தான் ஸ்டேஷன கூப்பிட்டு டேட்டா வாங்கும், அதனால ஸ்டேஷன் பக்கம் இருந்து ஒரு வி.பி.என். (சர்வரோட சேக்கற தனி நெட் பாதை) போட்டு வெச்சாதான் வேலை நடக்கும். சிம் எந்த கம்பெனின்னு ஆபீஸ்ல முடிவு பண்ணாதீங்க, ஸ்பாட்ல போய் எதுக்கு டவர் எடுக்குதுன்னு பாத்து வாங்குங்க. உள்ள மெமரி கார்டு கண்டிப்பா இருக்கணும், நெட் போனப்ப விட்டத பின்னாடி இழுத்துக்கலாம்.

தினசரி வேலை

காலைல வந்து முதல்ல ஒவ்வொரு ஸ்டேஷனோட 24 மணி நேர கோட்ட கண்ணால பாருங்க. அப்புறம் பேட்டரி வோல்டேஜ், ஜி.பி.எஸ். லாக், டேட்டா எவ்ளோ லேட்டா வருது, பிராட்பேண்ட் சென்சார்னா (வேகமான அதிர்வும் மெதுவான நீள அலையும் ரெண்டையும் பிடிக்கறது) உள்ள தொங்கற எடை, அதாவது மாஸ், நடுவுல இருக்கா. இத முடிச்சிட்டு டீ குடிக்க போகலாம்.

சீஸ்காம்ப்ங்கற சாப்ட்வேர் தானா ஈவென்ட் பிடிக்கறது அலை உயரத்தோட குறுகிய சராசரிக்கும் நீண்ட சராசரிக்கும் உள்ள விகிதத்த வெச்சு. அரை செகண்ட், 30 செகண்ட், விகிதம் 4னு ஆரம்பிச்சு உங்க இரைச்சலுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. குறைஞ்சது நாலு ஸ்டேஷன் ஒத்துக்கலன்னா ஈவென்ட்னு எடுக்க வேணாம். தானா வந்தத எல்லாம் கையால பி, எஸ் குறிச்சு சரி பாக்கணும். பி வந்து எஸ் வர்ற வரைக்கும் எத்தனை செகண்டோ அத 8ஆல பெருக்குனா கி.மீ. தூரம் தோராயமா வரும், சிஸ்டம் சொல்ற தூரம் இதுல இருந்து எங்கயோ போச்சுன்னா யாரோ எஸ்ஸ தப்பா குறிச்சிருக்காங்க.

சுமத்ரா பக்கம் 6க்கு மேல ஏதாவது வந்தா அத வீணாக்காதீங்க, அது ஓசில வர்ற டெஸ்ட். அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற நீள அலை நம்ம எல்லா ஸ்டேஷன்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கணும். ஒண்ணு மட்டும் பாதி உயரமா இருந்தா கெயின் (சிக்னல எத்தன மடங்கு பெருக்குதுங்கறது) தப்பு, தலைகீழா இருந்தா ஒயர் மாத்தி குத்தியிருக்கு, ரெண்டு செகண்ட் தள்ளி இருந்தா டைம் போச்சு.

அப்கிரேடு பண்றப்ப

காசு வந்த உடனே எல்லாரும் முதல்ல சென்சார் கேட்லாக்கதான் திறப்பாங்க. என் கருத்து, பவர், எர்த், டைம், நெட் இந்த நாலும் ஒரு வருஷம் ஒழுங்கா ஓடுன ஸ்டேஷனுக்குதான் புது சென்சார் போகணும். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

பழைய 16 பிட் டிஜிட்டைசர், 1 ஹெர்ட்ஸ் சென்சார்ல இருந்து 24 பிட், பிராட்பேண்டுக்கு போறீங்கன்னா சின்னதும் பெருசும் ரெண்டும் ஒண்ணா பிடிக்கலாம். கூடவே ரெண்டு மூணு ஸ்டேஷன்லயாவது ஒரு ஆக்சிலரோமீட்டர் (பலமான ஆட்டத்த அளக்கற சென்சார்) போடுங்க, பக்கத்துல பெருசா ஒண்ணு வந்தா பிராட்பேண்ட் முட்டி நின்னுடும், அப்ப அதுதான் பேசும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒரு ஸ்டேஷன்ல பழசும் புதுசும் ஒரே திட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டு வாரமாவது சேந்து ஓடட்டும், பழசுக்கு 00, புதுசுக்கு 10னு லொகேஷன் கோடு (ஒரே ஸ்டேஷன்ல இருக்கற சென்சார பிரிச்சு காட்டுற எண்). ரெண்டு பதிவையும் தரை அசையற வேகத்துக்கு மாத்தி ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ஒட்டிக்கணும். ஒட்டலன்னா ரெண்டுல ஒண்ணோட ரெஸ்பான்ஸ் (தரை அசைவ சென்சார் எப்படி எண்ணா மாத்துதுங்கற கணக்கு) தப்பு, அது பழசாவும் இருக்கலாம், அப்படின்னா இத்தன வருஷம் குடுத்த அளவெல்லாம் திரும்ப பாக்கணும். ஒட்டுன பிறகு அடுத்த ஸ்டேஷன்.

ஸ்டேஷன் எக்ஸ்.எம்.எல். பைல்ல (ஸ்டேஷன்ல எந்த சென்சார் எப்ப இருந்துச்சுன்னு எழுதி வெக்கற பைல்) பழைய சென்சார் வரிய திருத்தி புதுசு எழுதறது பெரிய பாவம். பழைய வரிக்கு முடிஞ்ச தேதி போட்டு மூடிட்டு புது வரி ஆரம்பிங்க. இல்லன்னா 2015 டேட்டாவ இப்ப எடுக்கறவங்க அன்னைக்கு இல்லாத சென்சாரோட ரெஸ்பான்ஸ வெச்சு அளவு போடுவாங்க. சீரியல் நம்பர், கெயின், வடக்கு கோணம், மாத்துன நேரம் யு.டி.சி.ல, எல்லாம் அன்னைக்கே ஸ்பாட்லயே எழுதி போட்டோ எடுத்துக்கங்க.

இன்னொண்ணு, ஸ்டேஷன் கூடுனா சின்ன ஈவென்ட் கூட கண்ணுல படும், பட்டியல் திடீர்னு நீளும். அத பாத்துட்டு தர்மபுரில நிலநடுக்கம் அதிகமாயிடுச்சுன்னு யாராவது எழுதிடுவாங்க. அதனால பட்டியல்லயே இந்த தேதில இருந்து நெட்வொர்க் மாறுச்சுன்னு கோடு போடுங்க, முன்னாடி எந்த அளவு வரைக்கும் முழுசா பிடிச்சோம், இப்ப எது வரைக்கும்னு ரெண்டையும் எழுதுங்க. எண்ணிக்கைய ஒப்பிடறவங்க அந்த அளவுக்கு மேல இருக்கறத மட்டும் ஒப்பிடணும்.

ஒண்ணு நெசமாவே வந்துட்டா

தானா வந்த ரிசல்ட்ட வாட்ஸ்அப்ல போடாதீங்க, அது குவாரியா இருந்தா அடுத்த தடவ உங்கள யாரும் நம்ப மாட்டாங்க. அதிகாரப்பூர்வமா அறிவிக்கறது தேசிய நிலநடுக்கவியல் மையம், அவங்க பூகேம்ப் ஆப்லயும் வரும். உங்க வேலை கையால குறிச்சு, குவாரி லிஸ்டோட ஒப்பிட்டு, டேட்டாவ அவங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெளிவா குடுக்கறது. ஜனங்க போன் பண்ணா எந்த ஊரு, எத்தன மணி, சத்தம் கேட்டுச்சா, பாத்திரம் ஆடுச்சான்னு கேட்டு எழுதிக்கங்க, கெட்டி பாறைல ஆழமில்லாம வர்ற சின்ன நடுக்கத்துக்கு வெடி மாதிரியே சத்தம் வரும், அதனால "வெடிச்ச மாதிரி இருந்துச்சு"ன்னு சொன்னாலே குவாரின்னு ஒதுக்கிடாதீங்க. வீடு விரிசல், ஆள் அடின்னா மாவட்ட பேரிடர் உதவி எண் 1077க்கு மாத்தி விடுங்க. அடுத்தது எப்ப வரும்னு கேப்பாங்க, யாராலயும் சொல்ல முடியாதுன்னு நேராவே சொல்லிடுங்க.

அன்னைக்கு சாயங்காலமே அந்த நாளோட மொத்த டேட்டாவையும், அப்ப இருந்த எக்ஸ்.எம்.எல். பைலையும் சேத்து வேற ஊர்ல இருக்கற ஒரு டிஸ்க்ல காப்பி போட்டுடுங்க. மெமரி கார்டுல விட்டுப்போனது பின்னாடி வந்து சேந்தா திரும்ப ஒரு காப்பி.